மிஞ்சிய செங்கல்லில் ஒரு பார்பிக்யூ அடுப்பு

வீடு கட்டி முடித்தவர்கள் கொல்லையில் கொஞ்சம் செங்கல் கிடக்கும், சுவரோரம் துண்டுக் கம்பி துருப்பிடித்துக் கிடக்கும். இந்த இரண்டும் இருந்தால் பார்பிக்யூ அடுப்பில் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரிதான். சிமெண்டு வேண்டாம். சாந்து சூட்டில் வெடித்து உதிரும். கல்லை வெறுமனே அடுக்கினால், இடம் பிடிக்காதபோது பிரித்து வேறு பக்கம் அடுக்கிக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

சூளைச் செங்கல் 55. ஒரு கல் 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்க் கல் சிறியதாக இருந்தால் கூடுதலாக ஒரு வரிசை ஏற்றுங்கள். ஃப்ளை ஆஷ் கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம். செங்கல் சூளையிலேயே வெந்து வந்தது, நம் கரிச்சூடு அதை ஒன்றும் செய்யாது. மற்ற இரண்டும் நெருப்பைப் பார்க்காதவை, விரிசல் விடும்.

8 எம்எம் முறுக்குக் கம்பி, 2 அடித் துண்டாக 18. எடை சுமார் நாலரை கிலோ வரும். வீட்டில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். ஹேக்ஸா பிளேடால் 18 துண்டு அறுத்தால் மறுநாள் தோள் வலிக்கும். கம்பி கட்டுகிறவர் யாராவது தெரிந்திருந்தால் அவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஆங்கிள் கிரைண்டர். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம்.

மேல் வலைக்கு என் தேர்வு பழைய எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்டின் தட்டு. ஜி.ஐ. வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரி வாக்கில் உருகிவிடும், கனிந்த கரி அதைவிடச் சூடு. அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சலும் குளிரும் வரும், வெல்டிங் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஃபிரிட்ஜ் தட்டு, பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பி இரண்டுக்கும் இதே பதில்தான்.

அடித்தளம்

தரையைச் சமன் செய்து, மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதன் மேல் 15 கல்லைப் படுக்கையாகப் பரப்புங்கள்: அகலத்துக்கு 3, ஆழத்துக்கு 5. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சுவர்

பின்புறமும் இரு பக்கமும் மட்டும் சுவர், முன்பக்கம் திறப்பு. முதல் வரிசையில் பின்சுவருக்கு 3 கல், பக்கத்துக்கு இரண்டிரண்டு. அடுத்த வரிசையில் பக்கச் சுவர்கள் பின்னால் வரை ஓடட்டும் (ஒவ்வொன்றும் இரண்டரைக் கல்), நடுவில் 2 கல் உட்காரும். இப்படி மாறி மாறி வைத்தால்தான் மூலை பூட்டிக்கொள்ளும். எந்த வரிசையானாலும் 7 கல்தான்.

முதல் வரிசையில் மட்டும் பின்சுவரின் நடுக்கல்லை எடுத்துவிட்டு அரைக்கல்லை நடுவில் வையுங்கள். காற்று புக இரு புறமும் இரண்டேகால் அங்குலச் சந்து கிடைக்கும். முழுக் கல்லையும் உருவினால் மேல்வரிசைக் கல் இரண்டும் பாதி அந்தரத்தில் நிற்கும், தட்டினால் சரியும்.

கரித்தட்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

கரியை நேராகத் தரையில் கொட்டினால் முதல் அரை மணி நேரம் நன்றாக எரியும். அப்புறம் சாம்பல் சேர்ந்து அடிக்கரியை மூடிவிடும். காற்று போகாது, நீங்கள் விசிறிக்கொண்டே இருப்பீர்கள், கோழி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கரி தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும், சாம்பல் கீழே உதிர வேண்டும், காற்று அடியிலிருந்து ஏற வேண்டும்.

அதனால் 2 வரிசை முடிந்ததும், அதாவது 6 அங்குல உயரத்தில், 18 கம்பிகளையும் இரு பக்கச் சுவர் மேல் குறுக்காக, அங்குலத்துக்கு ஒன்றாக வையுங்கள். கம்பி நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் மேல் கல் ஆடும். பின்சுவரில் கம்பி இல்லாததால் அங்கே 8 எம்எம் பள்ளம் விழும். செம்மண்ணும் மணலும் கொஞ்சம் வைக்கோலும் பிசைந்து அந்தப் பள்ளத்தை நிரப்புங்கள், பக்கச் சுவரில் கம்பிகளுக்கு இடையிலும் அப்புங்கள். வெந்தபின் அது கல்போல் இறுகும்.

மூன்றாவது வரிசையில் முன்பக்கமும் 2 கல் வையுங்கள், கரி வெளியே உருளாது. நான்கு, ஐந்தாம் வரிசை வழக்கம்போல், அதன் மேல் வலை. கரித்தட்டுக்கு மேல் 9 அங்குலம், அதில் கரி 3 அங்குலம் போனால் இறைச்சிக்கும் கனலுக்கும் 6 அங்குலம். வலை சுவரை எட்டவில்லையென்றால் குறுக்கே இன்னும் இரண்டு கம்பி போட்டு அதன் மேல் வையுங்கள்.

சூடு கூடினால் பின்சந்தை ஓட்டுத் துண்டால் அடையுங்கள். குறைந்தால் திறங்கள். விசிறிக்கு வேலையே இல்லை.

பற்றவைப்பது

முதல் நாள் சமைக்காதீர்கள். சிறு நெருப்பு மட்டும் போட்டுக் கல்லையும் மண்ணையும் உலர்த்துங்கள்.

கரிக்கு நான் கேட்பது சீமைக்கருவேலங்கரிதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. இஸ்திரிக் கடைக்காரரைக் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார். சிரட்டைக் கரி சூடு அதிகம், ஆனால் பற்றுவதற்கு நேரம் எடுக்கும். மண்ணெண்ணெய் ஊற்றினால் வாசனை இறைச்சியில் ஏறும். அதற்குப் பதில் 5 லிட்டர் சமையல் எண்ணெய் டின்னின் இரு முனையையும் வெட்டி, அடியோரம் ஓட்டை போட்டு, ஒருமுறை வெறுமனே எரித்து எடுங்கள். கரித்தட்டில் தேங்காய் நார் கொளுத்தி, அதன் மேல் டின்னை நிறுத்திக் கரியால் நிரப்புங்கள். 20 நிமிடத்தில் மேல்கரி சாம்பல் பூக்கும். இடுக்கியால் டின்னைத் தூக்கினால் போதும்.

கரியை ஒரு பாதியில் மட்டும் பரப்புங்கள். கோழியின் கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டுகளை மறுபாதிக்குத் தள்ளிவிடலாம்.

பின்சேர்க்கை: மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வைக்கலாம், ஆனால் 2 அங்குல மணலுக்கு மேல் அடிக்கல்லை இரண்டு அடுக்காகப் போடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் மாடித் தரையில் பதித்த தட்டையோடுகள் பெயர்ந்துவிடும். கல் மட்டுமே இரண்டு குவிண்டால் வரும் என்பதால் தூண், உத்தரம் இருக்கும் பக்கமாக வையுங்கள். மூடிய பால்கனியில் கூடவே கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மழைக்காலத்தில் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் போதும். நனைந்துவிட்டால் மறுபடி சிறு நெருப்பிலிருந்து தொடங்குங்கள்.