ஃபென்ஸ் என்றால் வேலி மட்டும்தானா? மொழிபெயர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு துப்பறியும் கதையில் 'போலீசார் அன்று இரவே வேலியைப் பிடித்து விசாரித்தார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்த நண்பர், "வேலி ஏதாவது ஒப்புக்கொண்டதா?" என்று மட்டும் கேட்டார். ஆங்கிலத்தில் இருந்த சொல் ஃபென்ஸ். அகராதியின் முதல் பொருளை எடுத்து அப்படியே ஒட்டியதன் பலன். அதற்கு அப்புறம் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு பென்சிலும், மொழிபெயர்க்க வேண்டிய பத்தியும் போதும்.

படி 1: வேர் எங்கே என்று பாருங்கள்

ஃபென்ஸ் என்பது 'டிஃபென்ஸ்' என்ற சொல்லின் தலை தேய்ந்து மிஞ்சியது. அடியில் இருக்கும் பொருள் காப்பு. நிலத்தைக் காப்பது வேலி. வாளால் தன்னைக் காத்துக்கொள்ளும் வித்தை வாள்வீச்சு. திருட்டுப் பொருளை வாங்கி விற்கிற ஆளுக்கும் இதே பெயர். இது திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்தது. என் கதையில் மாட்டியவன் இவன்தான். இவனுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடி அலையாதீர்கள். 'திருட்டு நகை வாங்குகிறவன்' என்று விரித்து எழுதினாலே போதும்.

படி 2: பக்கத்துச் சொற்களை வட்டமிடுங்கள்

ஃபென்ஸுக்கு முன்னும் பின்னும் இருக்கிற சொற்களைப் பென்சிலால் சுற்றுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். போலீஸ், நகை, திருட்டு என்று வந்தால் ஆள். குதிரைப் பந்தயம் என்றால் குதிரை தாண்டுகிற தடை. கிரிக்கெட் வர்ணனையில் பந்து ஃபென்ஸுக்கு ஓடினால், அது பவுண்டரிக்குப் போனது என்று பொருள். தச்சுப் பட்டறையில் ரம்ப மேசையின் மேல் ஃபென்ஸ் வந்தால், அறுக்கும்போது பலகை கோணாமல் இருக்க அதை அணைத்துத் தள்ளுகிற நேரான சட்டம்.

வாள், முகமூடி, புள்ளிகள் வந்தால் விளையாட்டு. 1896 முதல் ஒவ்வொரு கோடை ஒலிம்பிக்கிலும் இது உண்டு. ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள்களின் பெயரையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி சேபர் பிரிவில் களமிறங்கினாரே, அவரை 'வாள்வீச்சு வீராங்கனை' என்றுதான் சொல்கிறோம். 'வாள்சண்டை' என்பதை ராஜா ராணிக் கதைகளுக்கு விட்டுவிடலாம்.

கணினிப் பக்கம் போனால் தமிழாக்க ஆசையை அடக்குங்கள். சாதாரணக் குறிகளை வைத்தே உரையை வடிவமைக்கிற மார்க்டவுன் முறையில், நிரல் துண்டுக்கு மேலும் கீழும் போடுகிற மூன்று பேக்டிக் (`) குறிகளுக்கும் ஃபென்ஸ் என்றே பெயர். வரைபடத்தில் ஓர் எல்லை வரைந்து, கைப்பேசி அதைத் தாண்டினால் தகவல் சொல்வது ஜியோஃபென்ஸ். இரண்டையும் ஒலிபெயர்த்து, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

படி 3: நிஜ வேலிதான் என்றால், என்ன வேலி?

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஃபென்ஸ் என்று சொல்லிவிட்டுப் போகும். தமிழில் கம்பி வேலி வேறு, செடிகளை வரிசையாக வளர்த்த உயிர்வேலி வேறு, மூங்கிலோ குச்சியோ வைத்துப் பின்னிய தட்டியும் படலும் வேறு. கல்லும் செங்கல்லும் என்றால் அது சுற்றுச்சுவர், வேலியே அல்ல. கதை நடக்கிற காலத்தையும் பாருங்கள். முள்கம்பிக்கு அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றது 1874இல். அது பெருவாரியாகப் பரவியது அதற்கு அப்புறம்தான். 1850இல் நடக்கிற கதையின் பண்ணைக்கு முள்கம்பி வேலி போட்டுவிடாதீர்கள். முள்வேலி என்று எழுதலாமா? வெட்டிய முட்கிளைகளை அடுக்கியதாக இருந்தால் எழுதலாம்.

படி 4: மரபுத்தொடராக இருந்தால் வேலியைக் கழற்றிவிடுங்கள்

ஃபென்ஸின் அந்தப் பக்கத்துப் புல் அதிகப் பச்சை என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், 'இக்கரைக்கு அக்கரை பச்சை'. இருவர் ஃபென்ஸைப் பழுது பார்த்தார்கள் என்றால், மனக்கசப்பு தீர்ந்து ராசியானார்கள். நிதியை 'ரிங்ஃபென்ஸ்' செய்தால், வேறு செலவுக்குத் தொடக்கூடாது என்று தனியே ஒதுக்கிவைத்தார்கள். கேள்விகளோடு ஒருவர் ஃபென்ஸ் செய்கிறார் என்றால் பிடிகொடுக்காமல் பேசுகிறார்.

ஃபென்ஸின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'மதில் மேல் பூனை' என்று போடுகிறார்கள். பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்பது பார்க்கிற நமக்குத்தான் தெரியாது, ஆனால் குதித்துவிடும். ஃபென்ஸில் உட்கார்ந்த மனிதர் பெரும்பாலும் குதிப்பதாகவே இல்லை, அந்த இடம் அவருக்கு வசதியாக இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய வாரம் வரை யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத வாக்காளருக்குப் பூனை பொருந்தும். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத அரசியல்வாதிக்கு 'பட்டும் படாமலும் பேசுகிறார்' என்பதே சரி.

படி 5: திருப்பிப் போட்டும் பாருங்கள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே பள்ளம் உண்டு. 'அவருக்கு ஐந்து வேலி நிலம்' என்றால் ஐந்து ஃபென்ஸ் அல்ல. வேலி என்பது பழைய நில அளவு, 20 மா கொண்டது. சுமார் ஆறரை ஏக்கர். அதேபோல 'வேலியே பயிரை மேய்ந்தது' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், வேலிக்கு வாய் எப்போது முளைத்தது என்று ஆங்கில வாசகர் விழிப்பார். காவலுக்கு வைத்தவரே கைவைத்தார் என்ற பொருளைக் கொண்டு போனால் போதும்.

சரி, ஒரு பயிற்சி. 'காலேஜில் ஃபென்சிங் ஆடிய ஒரு ஃபென்ஸ், பின்வாசல் ஃபென்ஸைத் தாண்டி ஓடினான்.' பென்சிலை எடுத்து வட்டமிட்டுப் பாருங்கள். முதலாவது வாள்வீச்சு, இரண்டாவது நம்முடைய பழைய திருட்டு நகை ஆள். மூன்றாவது கம்பியா, தட்டியா, உயிர்வேலியா என்பதற்கு வாக்கியத்தில் ஒரு தடயமும் இல்லை. அங்கே மட்டும் தைரியமாக 'வேலி' என்றே எழுதிவிடுங்கள்.