ராஜா சாண்டோவின் படப்பட்டியலைத் தொகுப்பது எப்படி

புதுக்கோட்டை நாகலிங்கம்தான் பம்பாயில் ராஜா சாண்டோ ஆனார். பேசாப்பட நாயகனாக நடித்து, பிறகு இயக்குநரானார். அவருடைய பேசாப்படங்களைத் திரையில் பார்த்துச் சரிபார்க்க முடியாது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். காகிதம்தான் சான்று.

படத்துக்கு ஓர் அட்டை போதும். அதில் நடிப்புக்கும் இயக்கத்துக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஏதோ ஓர் ஆண்டில் கோடு கிழித்து, அதற்கு முன் நடிகர், பின் இயக்குநர் என்று பிரித்தால் பட்டியல் கெட்டுவிடும். சென்னையில் ‘அநாதைப் பெண்’ பேசாப்படத்தை இயக்கியபோது நடித்தவரும் அவரே. 1934இல் ‘இந்திரா எம்.ஏ.’ என்ற இந்திப் பேசும்படத்தில் இன்னொருவர் இயக்கத்தில் நடித்தார்.

பேசும்படங்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ‘மேனகா’ (1935), ‘திருநீலகண்டர்’ (1939) போன்றவற்றுக்கு, படத்தோடு விற்கப்பட்ட சிறு பாட்டுப் புத்தகத்தைத் தேடலாம். நடிகர் பட்டியல், டைரக்ஷன், கதைச்சுருக்கம் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்குவது நல்லது. பேசாப்படத்துக்குப் பாட்டுப் புத்தகம் ஏது? அங்கே நோட்டீஸும் நாளிதழ் விளம்பரமும் தணிக்கைப் பதிவும்தான் கை கொடுக்கும்.

அதிகம் வழுக்குவது படப் பெயர்களில்தான். சாண்டோ நடிக்க, கோஹர் நாயகியாக வந்த ‘குணசுந்தரி’ (1927) ஆங்கிலத்தில் ‘ஒய் ஹஸ்பண்ட்ஸ் கோ அஸ்ட்ரே’ என்றும் விளம்பரமானது. இரண்டு அட்டை போட்டால் ஒரு படம் இரண்டாகிவிடும். அதே கதையை சந்துலால் ஷா 1934இல் பேசும்படமாக எடுத்தார், அதைத் தனி அட்டையில் வையுங்கள். ‘அநாதைப் பெண்’ணிலும் இதே கவனம் வேண்டும்: வை. மு. கோதைநாயகி நாவலிலிருந்து 1938இல் வந்த பேசும்படத்தை இயக்கியவர் ரகுபதி பிரகாஷ். பெயரை மட்டும் பார்த்து அதை சாண்டோ கணக்கில் சேர்க்கும் தவறு எளிதில் நேரும்.

ஆண்டுக்கு ஒரே கட்டம் வைக்காதீர்கள். தணிக்கைச் சான்றிதழ் தேதி, பம்பாயில் முதல் காட்சி, சென்னையில் முதல் காட்சி என்று மூன்று வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு தகவல்களும் பல நேரம் சரியாகவே இருக்கும், வெவ்வேறு தேதியைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

நீளம் அடிக்கணக்கில் கிடைத்தால் அப்படியே எழுதுங்கள், மணிக்கணக்கு அதன் பக்கத்தில் போதும். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 16 சட்டம் ஓட்டினால் 10,000 அடிப் படம் 2 மணி 47 நிமிடம் ஓடும். பேசும்படத்தின் 24 சட்ட வேகத்தில் 1 மணி 51 நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த வேகத்தில் கணக்கிட்டீர்கள் என்பதையும் அட்டையில் குறித்துவிடுங்கள்.