கல்பாரி போகும் வழியில் வாலாட்டிய கேரவன்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, கேரவனை, அதாவது தங்கும் வசதியுள்ள இழுவண்டியை, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கல்பாரிக் கடற்கரை முகாமுக்குப் போனோம், 580 கிலோமீட்டருக்குக் கிட்ட. டொங்காரா தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. கிரெனஃப் பக்கம் சில மரங்கள் தெற்கிலிருந்து வீசும் உப்புக்காற்றில் வளைந்து தரையோடு படுத்துத்தான் வளர்கின்றன, அப்படிப்பட்ட இடம். பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்த அடுத்த நொடி கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தது, ஸ்டீயரிங் கையை இழுத்தது, பின்சீட்டில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கார் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் மின்பிரேக்கை மட்டும் டாஷ்போர்டு பட்டனால் பிடித்தேன், நேரானது. அந்தப் பட்டனைப் பார்க்காமலே தொடத் தெரியாமல் தயவுசெய்து யாரும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஓரமாக நிறுத்தி, கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியில் இறங்கும் எடையை அதற்கான தராசில் பார்த்தேன்: 115 கிலோ. 1,800 கிலோ கேரவனுக்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 கிட்ட இருக்க வேண்டும், குறைந்தால் கேரவன் வாலாட்டும். காரணம் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு சைக்கிள், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே சக்கர அச்சுக்கு மேலே தரையில் வைத்து இறுக்கிக் கட்டினேன், 173 ஆனது. சரி, போதும். அப்புறம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை. ஜெரால்டனில் டீ, வெயில் சாய்வதற்குள் கல்பாரியில் மர்ச்சிசன் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வந்துவிட்டோம். வழி முழுக்கக் கண்ணாடியில் கேரவன் ஒரே கோட்டில் வந்தது.