எரிவாயு பைப்லைனின் கொள்ளளவைக் கூட்டுவது எப்படி: தோண்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு வட்டாரத்தில் எரிவாயுத் தேவை ஏறுகிறது என்றதும் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "புது லைன் எந்த வழியாகப் போடலாம்?" என்பதுதான். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் லைனிலிருந்தே இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்காமல் புது லைனுக்கு வரைபடம் விரிப்பவர்கள் நிறைய. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால் பாதித் திட்டங்கள், வாயுவை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசரோடும் சில கிலோமீட்டர் குழாயோடும் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். வரிசையை மாற்றினால் செலவுதான் மாறும், அதுவும் மேல்நோக்கி.

முதலில் தேவை என்ன என்று சரியாகக் கேளுங்கள்

"ஆண்டுக்கு இத்தனை கோடி கன மீட்டர் கூடுதலாக வேண்டும்" என்று ஒரு தாள் வரும். அதை வைத்துக் குழாய் வடிவமைக்க முடியாது. குழாய்க்கு ஆண்டுக் கணக்கு தெரியாது, உச்ச நாளும் உச்ச மணியும்தான் தெரியும். உதாரணத்துக்கு, 1000 மெகாவாட் கம்பைன்டு சைக்கிள் (கேஸ் டர்பைனின் கழிவு வெப்பத்திலும் மின்சாரம் எடுக்கும்) மின்நிலையம் ஒன்று முழு நாளும் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 40 லட்சம் கன மீட்டர் வாயு தின்னும். அதே நிலையம் மாலையில் 4 மணி நேரம் மட்டும் ஓடினால் நாள் கணக்கு ஆறில் ஒரு பங்காகிவிடும், ஆனால் அந்த 4 மணி நேரத்தில் அது இழுக்கும் வேகம் கொஞ்சமும் குறையாது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட இந்த மாதிரி 'திடீர் இழுப்பு' வாடிக்கையாளர்கள்தான் அதிகமாகிறார்கள். பிரிட்டனில் 20 குளிர்காலங்களில் ஒரு முறை வரக்கூடிய உச்ச நாளைச் சமாளிக்கும்படி பிரதான லைன்களைத் திட்டமிட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. உங்கள் வட்டாரத்தில் அந்த உச்ச நாள் எது, குளிரா, வெயிலா, தொழிற்சாலை சீசனா, அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேண்டிய அளவோடு வேண்டிய அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள். வீட்டு அடுப்புக்கு மில்லிபார் கணக்கில் அழுத்தம் இருந்தாலே போதும், பெரிய கேஸ் டர்பைனுக்குப் பல பத்து பார் வேண்டும். லைனின் வால் முனையில் ஒரு மின்நிலையம் உட்கார்ந்தால் மொத்தக் கணக்கும் அந்த ஒரு ஆளைச் சுற்றியே ஓடும்.

அப்புறம் கையெழுத்து. வாயு வேண்டும் என்று கை தூக்குபவர்கள் வேறு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 15, 20 ஆண்டுக்குக் கட்டணம் தருகிறேன் என்று ஒப்பந்தம் போடுபவர்கள் வேறு. வேண்டியவர்கள் எல்லாரையும் அறிவிப்பு கொடுத்துக் கூப்பிட்டு, யார் எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கும் சுற்று ஒன்றை நடத்துங்கள். தாளில் இருந்த எண் அங்கே கணிசமாக இளைக்கும். தட்டுப்பாட்டு நாளில் நிறுத்திக்கொள்ளச் சம்மதிப்பவர்களைத் தனியாகப் பிரித்துவிட்டால் இன்னும் இளைக்கும். மிஞ்சுவதுதான் நீங்கள் கட்ட வேண்டிய கொள்ளளவு.

இருக்கும் லைனில் முடிச்சு எங்கே?

போன உச்ச நாளின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு நிலையத்திலும் உள்ளே வந்த அழுத்தம், வெளியே போன அழுத்தம், ஓட்டம் மூன்றையும் மணிக்கு மணி ஒரே தாளில் வரையுங்கள். அழுத்தம் எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே முடிச்சு. அது குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடைத்துக்கொண்ட ஃபில்டர், சின்ன அளவில் போட்ட மீட்டர் குழாய், திறன் போதாத ரெகுலேட்டர் என்று நிலையத்துக்குள்ளேயே சிக்கல் இருக்கலாம். அதற்காகப் பல கிலோமீட்டர் குழாய் பதிப்பது பெரிய பாவம். பல காலமாகப் பிக் (குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்யும் அல்லது ஆய்வு செய்யும் கருவி) ஓட்டாத லைனாக இருந்தால் முதலில் ஓட்டிச் சுத்தம் செய்து பாருங்கள். உள்சுவர் சொரசொரப்புக்கும் ஓட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சில சதவீதம் இங்கேயே கிடைக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இது பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. வாயு அமுங்கும் பொருள் என்பதால், லைனில் ஓடும் அளவு இரண்டு முனை அழுத்தங்களின் வித்தியாசத்தைப் பொறுத்ததல்ல, அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதைப் பொறுத்தது. 100 கிலோமீட்டர் லைன், தலையில் 70 பார், வாலில் 50 பார் என்று வையுங்கள். 4900-இலிருந்து 2500 போனால் 2400. இப்போது வாலில் 5 பார் குறைத்து 45-க்கு இறக்கினால் அது 2875 ஆகும், ஓட்டம் சுமார் 9% கூடும். அதற்குப் பதிலாகத் தலையில் 5 பார் ஏற்றி 75 ஆக்கினால் 3125, ஓட்டம் 14% கூடும். அதே 5 பார்தான், ஆனால் தலையில் ஏற்றினால் பலன் ஒன்றரை மடங்கு. அழுத்தம் அதிகமானால் வாயு நெருக்கமாகி மெதுவாக நகர்கிறது, உராய்வும் அதற்கேற்பக் குறைகிறது, காரணம் அவ்வளவுதான்.

தலையில் ஏற்றுவது

சரி, அப்படியானால் தலையில் அழுத்தத்தை ஏற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஏற்றலாம், ஆனால் குழாயின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பின் தாங்குதிறன், சுவர்த் தடிமன், விட்டம் மூன்றையும் வைத்து வரும் எண்ணில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தலாம். அமெரிக்க விதிப்படி அது ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் 72%, மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் 40%. லைன் போட்டபோது வயலாக இருந்த இடம் இன்று குடியிருப்பாகியிருந்தால், ஏற்றுவது இருக்கட்டும், இறக்க வேண்டி வரலாம்.

ஏற்ற நினைப்பவர்கள் பழைய ஆவணங்களை அப்படியே நம்பக் கூடாது. கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று 30 அங்குல லைன் ஒன்று வெடித்து 8 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் இருந்தது தையல் இல்லாத குழாய், அதாவது நீளவாக்கில் வெல்டிங் இணைப்பே இல்லாத குழாய் என்று பதிவு சொன்னது. விசாரணையில் தெரிந்ததோ, 1956-இல் பதித்த, வெல்டிங் சரியாகப் பிடிக்காத துண்டுகள். எனவே அழுத்தம் ஏற்றும் திட்டம் என்றால் உள்ளே ஆய்வுப் பிக் ஓட்டுவது, சந்தேகப்படும் இடங்களில் தோண்டிச் சுவரை அளப்பது, நீர் அழுத்தச் சோதனை, இவை முடிந்த பிறகுதான் அடுத்த பேச்சு. அப்போதும் ஒரே மூச்சில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கசிவு பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரா, லூப்பா?

பெரும்பாலான விரிவாக்கங்கள் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. நம் 100 கிலோமீட்டர் லைனையே எடுத்துக்கொள்வோம்.

நட்டநடுவில் ஒரு கம்ப்ரசர் நிலையம் வைத்து, 50 பாரில் வரும் வாயுவைத் திரும்ப 70-க்கு ஏற்றினால், இரண்டு 50 கிலோமீட்டர் லைன்கள் கிடைத்த மாதிரி. நீளம் பாதியாவதால் ஓட்டம் 41% கூடும். ஒரே ஒரு துண்டு நிலத்தில் வேலை முடிகிறது. ஆனால் முன்பு தலையில் ஒரு நிலையம் செய்த வேலையை இப்போது இரண்டு நிலையங்கள், ஒவ்வொன்றும் 1.41 மடங்கு வாயுவுக்குச் செய்கின்றன, ஆக மொத்த எரிசக்திச் செலவு 2.8 மடங்கு. 41% வரவுக்கு 180% கூடுதல் எரிபொருள், அதுவும் லைன் நிறைந்து ஓடும் ஒவ்வொரு நாளும். இதைத் திட்ட அறிக்கையின் பின்பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள், தேடிப் பாருங்கள். 50-இலிருந்து 70-க்கு ஏற்றும்போது வாயு 25 முதல் 30 டிகிரி வரை சூடாகும் என்பதால் குளிர்விப்பானையும் செலவில் சேர்க்க வேண்டும்.

அதே 41% கம்ப்ரசர் இல்லாமல் வேண்டுமா? பக்கத்திலேயே அதே விட்டமுள்ள இன்னொரு குழாயை, அதாவது லூப்பை, 67 கிலோமீட்டருக்குப் போட வேண்டும். பழைய லைன் 24 அங்குலம் என்றால், அதன் பக்கத்தில் 30 அங்குலம் போட்டால் 58 கிலோமீட்டர் போதும், ஆனால் ஆய்வுப் பிக் இரண்டு அளவுக்கும் தனித்தனியாக வேண்டும், அதை அனுப்பவும் பிடிக்கவும் தனித்தனி வசதி வேண்டும். சின்ன அளவுக்கு லூப் இவ்வளவு மிரட்டாது: 10% கூட்ட 23 கிலோமீட்டர், 15% கூட்ட 33 கிலோமீட்டர்.

பாதி தூரத்துக்கு லூப் போட்டால் ஓட்டம் 26% கூடும். தலைப் பாதியா வால் பாதியா என்பதில் இந்த எண் மாறாது, ஆனால் நடுவில் இருக்கும் அழுத்தம் நன்றாகவே மாறும். தலைப் பாதியில் போட்டால் நடுவில் 66 பார், வால் பாதியில் போட்டால் சுமார் 55 பார். குழாய்க்குள் அமுங்கிக் கிடக்கும் இருப்பு, அதாவது லைன்பேக், தலைப் பாதியில் போட்டால்தான் அதிகம். மாலை இழுப்பைச் சமாளிப்பது இந்த இருப்புதான். வாயு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட 300 கிலோமீட்டர் வர 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாயங்காலம் 6 மணிக்குத் தேவைப்படுவதைக் காலையிலேயே தள்ளிவிட்டிருக்க வேண்டும். நடைமுறையில் எங்கே நிலம் கிடைக்கிறதோ அங்கேதான் லூப் போகும், அது வேறு கதை.

இரண்டில் எது? என் கட்சி இது: உச்சம் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் என்றால் கம்ப்ரசர். வருடம் முழுக்க நிறைந்து ஓடும் என்றால் லூப். பத்து ஆண்டுக்குப் பிறகு இந்தத் தேவை இருக்குமா என்றே சந்தேகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கம்ப்ரசர், ஏனென்றால் அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம், பதித்த குழாயை யாரும் தோண்டி எடுத்து விற்கப் போவதில்லை.

உலகில் நடந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அல்ஜீரியாவிலிருந்து கடலடியில் ஸ்பெயினுக்குப் போகும் மெட்காஸ், நான்காவது கம்ப்ரசரைச் சேர்த்துத்தான் ஆண்டுக்கு 800 கோடி கன மீட்டரிலிருந்து ஏறத்தாழ 1000 கோடிக்கு ஏறியது, கடலுக்குள் ஒரு மீட்டர் குழாய்கூடப் புதிதாக இறங்கவில்லை. கிரேக்கம், அல்பேனியா வழியாக இத்தாலிக்குப் போகும் 878 கிலோமீட்டர் டிரான்ஸ் ஏட்ரியாட்டிக் லைனை, பின்னால் கம்ப்ரசர்கள் சேர்த்து 1000 கோடியை 2000 கோடியாக்கலாம் என்று முதல் நாளே கணக்குப் போட்டுத்தான் குழாய் விட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புது லைன் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் இதைக் காப்பியடியுங்கள். விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே ஓட்டம் எகிறும், விட்டத்தின் சுமார் 2.5 அடுக்கில் ஓட்டம் ஏறும் என்பதால் விட்டம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல். பள்ளம் தோண்டும் செலவு அப்படி ஏறாது.

கம்ப்ரசரை எதில் ஓட்டுவது என்பதை அலட்சியமாக முடிவு செய்யாதீர்கள். மின்மோட்டார் சத்தமும் புகையும் குறைவு. ஆனால் 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் மின்வெட்டு வந்தபோது வாயு வயல்களும் கம்ப்ரசர்களும் நின்றன, வாயு நின்றதால் மின்நிலையங்கள் மேலும் நின்றன. மின்மோட்டார் வைத்தால் அந்த நிலையத்தை மின்வெட்டுப் பட்டியலிலிருந்து எழுத்துப்பூர்வமாக விலக்கி வாங்குங்கள்.

குழாயே இல்லாமல்

சில நேரம் பிரச்சினை அளவே இல்லை, திசை. அமெரிக்காவின் ராக்கீஸ் எக்ஸ்பிரஸ் மேற்கிலிருந்து கிழக்கே வாயு கொண்டுபோகக் கட்டியது. கிழக்கிலேயே ஷேல் வாயு (ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயு) பெருகியதும் 2015-இல் அதன் கிழக்குப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்கே ஓடவிட்டார்கள். நிலையங்களில் வால்வும் இணைப்புக் குழாயும் மாற்றுவதுதான் முக்கிய வேலை. உச்சம் சில நாட்களுக்கு மட்டும் என்றால், வால் முனைக்குப் பக்கத்தில் ஒரு எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) தொட்டியோ நிலத்தடிச் சேமிப்போ வைத்துப் பார்க்கலாம். திரவமாக்கினால் வாயு 600-இல் ஒரு பங்கு இடத்தில் அடங்கும், ஆனால் ஆண்டு முழுக்க அதைக் குளிரில் வைத்திருக்கும் செலவு உண்டு.

அனுமதி, நிலம், இணைப்பு

பொறியியல் கணக்கு வாரங்களில் முடியும், நிலமும் அனுமதியும் ஆண்டுகளைத் தின்னும். அமெரிக்காவின் 488 கிலோமீட்டர் மவுன்டன் வேலி லைன் 2018-இல் ஓடும், சுமார் 350 கோடி டாலர் ஆகும் என்றார்கள். வழக்குகளைத் தாண்டி 2024 ஜூனில் ஓடியபோது செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இருக்கும் லைனுக்குப் பக்கத்திலேயே, ஏற்கெனவே வாங்கிய பாதை உரிமைக்குள் லூப் போட முடிந்தால் அதன் மதிப்பு இதுதான். ஆனால் உரிமைப் பத்திரத்தில் 'ஒரு குழாய்' என்று இருக்கிறதா 'குழாய்கள்' என்று இருக்கிறதா, வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்கும் இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள், பாதையை நிர்ணயிப்பது அவைதான்.

பழைய லைனோடு இணைக்கும் நாளில் வாயுவை நிறுத்த முடியாது என்றால், ஓடும் குழாயிலேயே வெல்டிங் செய்து துளையிடும் ஹாட் டேப் முறை இருக்கிறது. வெல்டிங் செய்யும் இடத்தில் சுவர்த் தடிமனை அல்ட்ராசோனிக்கில் அளக்காமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். அந்த நேரத்தில் ஓட்டம் அதிகமாக இருந்தால் வெல்டு சீக்கிரம் குளிர்ந்து விரிசல் விடும், ஓட்டமே இல்லையென்றால் சுவர் சூடேறி ஓட்டை விழும், அதனால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஓட்டத்தைச் சொன்ன அளவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நீர்ச் சோதனைக்குப் பிறகு குழாயை நன்றாக உலர்த்துங்கள். மிஞ்சிய ஈரமும் அழுத்த வாயுவும் குளிரும் சேர்ந்தால் ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி மாதிரியான அடைப்பு உருவாகும், முதல் குளிர்காலத்திலேயே புதுக் கொள்ளளவு காணாமல் போகும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் வணிகப் பிரிவு கணக்கில் வந்த முழு எண்ணையும் விற்கப் பார்க்கும். விடாதீர்கள். மிகப் பெரிய கம்ப்ரசர் ஒன்று பழுதாகி நின்றால் உச்ச நாளில் எவ்வளவு தள்ள முடியும் என்று மாடலில் ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணை மட்டும் உறுதி ஒப்பந்தத்துக்குக் கொடுங்கள். மேலே உள்ளதை 'இருந்தால் தருகிறோம்' என்ற வகையில் குறைந்த கட்டணத்துக்கு விற்கலாம்.