தினமும் ஓட்டும் பழைய எஸ்யூவியைக் கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்வது எப்படி?

வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் ஓடுகிற அதே வண்டியை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்பாதையிலும் பாறைத்தடத்திலும் இறக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி, உங்களுக்கு முன் அனுபவம் எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு வீடு திரும்பிய வண்டி, திங்கள் காலை எந்தப் புதுச் சத்தமும் இல்லாமல் கிளம்ப வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை வைத்துத்தான் கீழே உள்ள வேலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பலரும் வண்டியை உயர்த்துவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறேன். காரணம் அங்கே வரும்போது புரியும்.

1. முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

பழைய வண்டியில் எதையும் புதிதாக மாட்டுவதற்கு முன், இருப்பது உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) தார்ச் சாலையில் பல மாதம் தாக்குப்பிடிக்கலாம். பாறைப் பாதையில் அரை நாளிலேயே கழன்றுவிடக்கூடும்.

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கிலோ பால் ஜாயின்டிலோ தேய்மானம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் டை ராட் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையில் இருக்கும். ரப்பர் புஷ்களில் வெடிப்பு, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, பிரேக் ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸில் துரு தெரியும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் மேல்துரு. மொத்தென்று ஒலித்தாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ, வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஆயில். எஞ்சின் ஆயிலை யாரும் மறப்பதில்லை. கியர்பாக்ஸ், எஞ்சின் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், திருப்பத்தில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் முன், பின் டிஃபரன்ஷியல்கள், இவைதான் விட்டுப்போகும். டிஃபரன்ஷியலில் மேலே இருக்கும் ஊற்று போல்ட்டை முதலில் கழற்றிவிட்டு, பிறகு கீழ் போல்ட்டைத் தொடுங்கள். கீழே எண்ணெயை வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்று தெரிந்தால், திரும்ப நிரப்ப வழியில்லாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடியும் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்த போல்ட்டில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்புதான். விரலில் தட்டுப்படும் உலோகத் துணுக்குகள் ஆபத்தின் அறிகுறி.

ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் பிடிக்கிறதா என்றும் சோதியுங்கள். பல பழைய வண்டிகளில் அந்த லிவரை முந்தைய உரிமையாளர் தொட்டே இருக்கமாட்டார். சோதனையை மண்தரையில் செய்யுங்கள். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே அதே வேலையைச் செய்யும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்கமாக ஏறும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கத்தை விடுவித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் அது முடியாது.

2. எதையும் வாங்குமுன் ஒருமுறை போய்வாருங்கள்

வண்டி இருக்கிறபடியே, எளிதான ஒரு மண்பாதையில், இன்னொரு வண்டியின் துணையோடு ஒருநாள் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அடியில் எங்கெங்கே உரசியிருக்கிறது என்று பாருங்கள். முன் பம்பரின் கீழ் உதடு, சைலன்சர் குழாய், பக்கப்படி என்று ஒவ்வொரு வண்டிக்கும் அடிபடும் இடம் வேறு. அந்தக் கீறல்கள்தான் உங்கள் வண்டிக்கு என்ன தேவை என்பதைச் சொல்லும்.

3. டயர்

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் அதை டயரில் போடுங்கள். மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான்.

தார்ச் சாலைக்கான எச்டி, இரண்டுக்கும் பொதுவான ஏடி, சேற்றுக்கான எம்டி என்று மூன்று வகை உண்டு. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஏடி போதும் என்பது என் உறுதியான கருத்து. எம்டி சேற்றில் அருமையாக இழுக்கும். ஆனால் மழையில் நனைந்த தாரில் அதன் பிடிப்பு குறைவு, பிரேக் போட்டால் நிற்க அதிக தூரம் எடுக்கும், இரைச்சலும் கூடவே வரும். மாதத்தில் ஒருநாள் சேற்றுக்காக மீதி நாட்களில் குடும்பத்தை அந்தப் பிரேக்கை நம்பி உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

அளவைப் பெரிதாக்க நினைத்தால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 225/75 ஆர் 16 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 744 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 245/75 போட்டால் சுமார் 774. விட்டம் 30 மில்லிமீட்டர் கூடினாலும், அச்சுக்குக் கீழே கிடைப்பது அதில் பாதி, வெறும் 15 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டரும் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். இதுவரை 100 என்று முள் காட்டிய இடத்தில் இனி 104 போய்க்கொண்டிருப்பீர்கள். சக்கரம் பெரிதானால் கியர் நீண்டதுபோல் ஆகி இழுவை மந்தமாகும். அதனால் ஒரு படிக்கு மேல் போகவேண்டாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

எடைதாங்கும் குறியீடு, கம்பெனி கொடுத்த டயருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். தயாரித்த தேதி டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். பழைய வண்டிகளில் அது வண்டியோடு வந்த டயராகவே கிடக்கும். நான்கு சக்கரமும் ஒரு அளவு, ஸ்டெப்னி வேறு அளவு என்று இருந்தால், அதை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

4. காற்றைக் குறைக்கப் பழகுங்கள்

ஏறக்குறைய செலவே இல்லாத வேலை இது, பலனோ மற்ற எதையும்விட அதிகம். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், கல்லின் மேல் குதிக்காமல் அதைச் சுற்றி அமுங்கும். உள்ளே இருப்பவர்களின் முதுகுக்கும் நிம்மதி.

சாலையில் 32 பிஎஸ்ஐ வைக்கும் வண்டியென்றால், சரளையிலும் மேடுபள்ளத்திலும் 22 முதல் 25, பாறையில் 18 முதல் 20, தளர்ந்த மணலில் 15 அளவில் தொடங்கிப் பாருங்கள். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து இருக்கிறது. குறைந்த காற்றில் வேகமும் வேண்டாம், சட்டென்று ஸ்டீயரிங் ஒடிப்பதும் வேண்டாம்.

தாருக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். அதற்கு நல்ல கம்ப்ரசர் தேவை. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது பெரிய டயரை நிரப்பத் திணறும், பியூஸும் போகும். கூடவே ஒரு நம்பகமான அளவுமானி.

5. சிக்கினால் வெளியே வர

முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் அடித்த இழுவைக் கொக்கி இருக்கிறதா? கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டுவதற்காகக் கம்பெனி வைத்த மெல்லிய வளையங்களை இழுவைக் கொக்கி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை பிய்த்துக்கொண்டு வரும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. அது முறிந்து குண்டுபோல் பறந்து உயிர்கள் போயிருக்கின்றன.

இழுவைப் பட்டை நீட்சி உள்ளதாக இருக்கட்டும். அறுந்துபோகும் எடை, வண்டியின் முழு எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும். 2500 கிலோ வண்டிக்கு 5000 முதல் 7500 கிலோ. கொக்கியோடு இணைக்க எடை குறியிடப்பட்ட ஷாக்கிளையோ (ஆணி போட்டுப் பூட்டும் யு வடிவ இரும்பு வளையம்) கயிற்றால் ஆன மென்ஷாக்கிளையோ மட்டும் பயன்படுத்துங்கள். இழுக்கும் நேரத்தில் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது, குழந்தைகள் வேடிக்கை பார்க்க வரவே கூடாது.

தனியாகப் போகும்போது இன்னும் உதவுவது ஒரு மண்வெட்டியும் பிடிப்புக்காகச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஒரு ஜோடி மணல் பலகைகளும்தான். முதலில் காற்றைக் குறையுங்கள், பிறகு சக்கரத்துக்கு முன்னால் தோண்டுங்கள், அதற்கப்புறம் பலகை. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும், உடனே காலை எடுத்துவிடுங்கள். கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் இப்போதைக்குத் தேவையில்லை.

6. அடிவயிற்றுக்குக் கவசம்

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பு ஒரு கல்லில் உடைந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. அதனால் முதலில் சம்புக்கு, பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் தகடு. இரும்பு அடிவாங்கினால் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் கனம். அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறையில் வழுக்காமல் சிராய்த்துப் பிடிக்கும். எதுவானாலும் ஆயில் வடிக்கத் துளையும் காற்று போக வழியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொங்கும் பக்கப்படிகள் பாறைக்கு எதிரி. அவற்றை எடுத்துவிட்டு, சேஸிஸில் பொருத்தப்படும் ராக் ஸ்லைடர் (பாறையில் உரசினாலும் தாங்கும் கனமான பக்கக் குழாய்) போடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் மாட்டுகிற அலங்காரக் குழாய்கள் வண்டியின் எடையைத் தாங்காது.

7. உயர்த்துவதா?

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒற்றை இரும்பு அச்சு உள்ள வண்டியை ஸ்பிரிங் மாற்றி எவ்வளவு உயர்த்தினாலும், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். உடல் உயர்வதால் மேடு ஏறும் கோணமும் இறங்கும் கோணமும் நன்றாகும், உண்மை. ஆனால் ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. அவசரமாகத் தடம் மாற்றும்போது அதை உணர்வீர்கள்.

தனித்தனி முன்சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை உயர்த்தினால் சமாளிக்கலாம். அதற்குமேல் முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்டுகளின் கோணம் கூர்மையாகி அவை சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு உயரம் என்று கேட்பதோடு, வண்டியில் எப்போதும் எவ்வளவு எடை இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். காலியாக ஓடும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் வாரம் முழுக்கக் குலுங்கும். ஸ்பிரிங்கோடு அந்த நீளத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் மாற்றுங்கள், பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று சக்கரம் தொங்கும் நிலையில் பாருங்கள், வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வரும் பிரீத்தர் குழாயை மட்டும் இப்போதே நீட்டிவிடலாம். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடைநீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோனால் அந்தக் கவலை போகும். கூடுதல் விளக்கு, ஒரு அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கல் எல்லாம் அடுத்த வருடத்து வேலை.

எதை மாட்டினாலும் அதன் எடையை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைத் தாண்டக்கூடாது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு, கையேட்டில் இருக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் எந்த மாற்றத்தை அனுமதிக்கிறது என்பதையும், காப்பீட்டு நிறுவனத்திடம் எதைத் தெரிவிக்கவேண்டும் என்பதையும் வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஞாயிறு மாலை

வீடு வந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். காற்று சரியா, வீல் நட்டுகள் இறுக்கமா, பிரேக் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா, ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் ஒரு நாள் நிறுத்திவைத்து, டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து நிறம் பாருங்கள்.

என் முதல் பயணம் முடிந்த மறுநாள், நெடுஞ்சாலையில் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கடகடவென்று நடுங்கியது. அச்சு வளைந்துவிட்டது என்றே பயந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். மெதுவாக வீடு திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினால், ரிம்மின் உள்பக்கம் ஒரு கைப்பிடி சேறு காய்ந்து ஒரே இடத்தில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக் கழுவியதும் நடுக்கம் நின்றது. இப்போதெல்லாம் குழாயைத் திறந்ததும் நான் முதலில் தண்ணீர் அடிப்பது ரிம்மின் உள்பக்கத்துக்குத்தான்.