ஜபமாலை இல்லாமல் 108 எண்ண

கட்டைவிரலை விட்டுவிட்டால் ஒரு கையில் நாலு விரல், விரலுக்கு மூன்று கணு. வலதுகைக் கட்டைவிரலால் கணுவுக்கு ஒரு "சரவணபவ" என்று தொட்டுக்கொண்டே போனால் ஒரு சுற்றுக்கு 12. சுற்று முடியும்போதெல்லாம் இடதுகைக் கட்டைவிரலை ஒரு கணு தள்ளி வையுங்க. அது ஒன்பதாவது கணுவுக்கு வந்தால் 108 ஆச்சு.

எண்ணுகிற வேலையை விரல் எடுத்துக்கொள்வதால் மனசு மந்திரத்திலேயே நிற்கும். மனசு எங்காவது ஓடினால் விரலும் நின்றுபோகும், உடனே தெரிந்துவிடும். மூச்சுக்கு ஒன்று என்று போனால் ஏழெட்டு நிமிஷம், எனவே போனில் நேரம் வைக்க வேண்டியதில்லை. (அணைக்கத்தான் எடுப்போம், வாட்ஸ்அப்பில் போய் நிற்போம்.) திருப்பூருக்கு ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட, துண்டை மடியில் போட்டுக்கொண்டால் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது.

நாடிசுத்திக்கு (மூக்குத் துவாரத்தை மாற்றி மாற்றி மூடி மூச்சு விடுகிற பயிற்சிக்கு) இது உதவாது, வலதுகை மூக்கில் இருக்கும். அங்கே இடதுகையில் மட்டும் சுற்றை எண்ணலாம். ஆயிரக்கணக்கில் ஜபிப்பவர்களுக்கு மாலைதான் சரி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போதும் வேண்டாமுங்க, ரோட்டில் கண் இருக்கட்டும், வாய்விட்டு அரோகரா போட்டால் போதும். நடுவிரலின் இரண்டு கணுவை மேருவாக (மாலையில் தாண்டாமல் விடுகிற தலைமணி மாதிரி) விட்டு, பத்துப் பத்தாக எண்ணுகிற கரமாலை முறையும் உண்டு. தீட்சை வாங்கியவர்கள் குரு சொன்ன கணக்கையே வைத்துக்கொள்ளுங்க.