திமிங்கில வேட்டைக் கப்பலின் நாட்பதிவைப் படிப்பது எப்படி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ராத்திரியில் நான் விரும்பிப் படிப்பது, ஆர்க்டிக் கடலுக்குப் போன அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்பதிவுகள். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு ஊரிலுள்ள திமிங்கில அருங்காட்சியகம் நிறையப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்தால் போதும். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் தினமும் திரும்பத் திரும்ப வரும். நாலைந்து பக்கத்தில் கண் பழகிவிடும்.

எந்தப் பதிவேட்டை எடுப்பது? ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவிலுள்ள பெரிங் நீரிணையைத் தாண்டி வேட்டையாடி வழிகாட்டியவர் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர். கப்பல் 'சுப்பீரியர்', ஆண்டு 1848. அங்கே அவருக்குக் கிடைத்தது வில்தலைத் திமிங்கிலம். மெதுவாக நீந்தும், தோலுக்கடியில் அரை மீட்டர் வரை கொழுப்பு இருக்கும். சேதி பரவி, சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கடலில் கூடின. அதனால் 1849க்குப் பிந்தைய பதிவேடு ஒன்றை எடுத்து, நேரே ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள பக்கங்களுக்குப் போங்கள்.

அப்புறம் தேதி. பல பதிவேடுகளில் நாள் நண்பகலில்தான் தொடங்கும். அதை எட்டு மணி நேரம் வீதம் முதல், நடு, கடைசி என்று மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுவார்கள். ஜூலை 10 என்று போட்டிருந்தால், அதன் முதல் பகுதி நம் கணக்கில் ஜூலை 9 பிற்பகல். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவின் முடிவில் இருக்கும். சூரியனைப் பார்த்தே இடம் கணித்தார்கள் என்பதால், மூடுபனி நாட்களில் அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

காற்றின் திசை என்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான். நம் வாடைக்காற்று மாதிரியே. இதை அசட்டையாகத் தாண்டாதீர்கள். 1871இல் அலாஸ்காவின் வடமேற்குக் கரையோரம் மேற்குக் காற்று பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கப்பல்களை நெருக்கியது. வடகிழக்குக் காற்று வந்து அதை விலக்கும் என்று காத்திருந்தார்கள், வரவில்லை. செப்டம்பரில் 33 கப்பல்களைக் கைவிட்டு, பெண்கள், குழந்தைகள் உட்பட 1,219 பேர் சிறு படகுகளில் தெற்கே போனார்கள். பனிக்கு வெளியே நின்ற ஏழு கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஓரத்தில் கறுப்பு மையில் திமிங்கில முத்திரைகள் இருக்கும். முழு உருவம் என்றால் பிடிபட்டது. அதன் வயிற்றில் விட்ட வெள்ளை இடத்தில் கொழுப்பை உருக்கி எத்தனை பீப்பாய் எண்ணெய் எடுத்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். ஒரு பீப்பாய் கிட்டத்தட்ட 119 லிட்டர். வில்தலைக்கு நூறு பீப்பாய் என்பது சாதாரணம். வால் மட்டும் இருந்தால் தப்பியது. வால்களையும் கட்டாயம் எண்ணுங்கள். ஈட்டி தைத்துப் பனிக்கடியில் போய்ச் செத்தவையும் அவற்றில் உண்டு. எண்ணெய்க் கணக்கில் அவை ஏறவே ஏறாது. அந்தத் திமிங்கிலத்தை நம்பித்தான் வட அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் அங்கே காலங்காலமாக வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு வாலும் கனக்கிறது.

கணக்குப் பக்கங்கள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். நம் விசைப்படகுகளைப் போல அங்கேயும் சம்பளம் கிடையாது, கிடைத்ததில் பங்குதான். ஆனால் புதிதாக ஏறியவனுக்கு இருநூறில் ஒன்று என்கிற அளவுக்குத்தான் பங்கு. கப்பலில் வாங்கிய சட்டை, புகையிலைக்கெல்லாம் அதில் பிடித்தம் வேறு. மூன்று நான்கு வருடம் கழித்துக் கரை சேர்ந்தால்தான் பட்டுவாடா. இது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

படிக்கும்போதே ஒரு நோட்டில் தேதி, இடம், காற்று, முத்திரை, பனிக்கட்டி என்று ஐந்து பத்தி போட்டு எழுதி வாருங்கள். புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தக் காலத்தில் பனி எதுவரை பரவியிருந்தது என்று அறிய ஆய்வாளர்கள் இந்தப் பதிவேடுகளைத்தான் புரட்டுகிறார்கள். அதனால் 'பனி தென்படவில்லை' என்று மாலுமி எழுதியிருந்தால், அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.